மூச்சுவாங்கி வளைவில் ஆயிரத்து ஐந்நூறு

மே 3

மகள் வளர்மதிக்கு மாறுதல் ஆணை வந்துவிட்டது. மஞ்சம்பாறை நடுநிலைப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியை. ஜூன் இரண்டாம் வாரம் போய்ச் சேர வேண்டும். வத்தலகுண்டிலிருந்து முப்பத்தெட்டு கிலோமீட்டர். அதில் இருபத்தொன்று மலை, பதினேழு வளைவு. காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். அதனால் பழைய எஸ்யூவி ஒன்று வாங்கப் போகிறாளாம்.

'போகிறாளாம்' என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை. அடுப்படியில் அவள் அம்மா வேலுத்தாயிடம் சொன்னது என் காதில் விழுந்தது. மலையில் ஜீப்பும் கீழே லாரியுமாக இருபத்தெட்டு வருஷம் வண்டி ஓட்டியவன் இதே வீட்டுக் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

கொல்லைக் கதவின் கொண்டி போய்விட்டது. காற்றுக்கு அடித்துக்கொள்ளாமல் வழக்கம்போல் கயிறு கோத்த அந்தப் பழைய வேங்கைக் கட்டையை முட்டுக் கொடுத்து வைத்தேன்.

மே 5

வண்டித் தரகர் சிக்கந்தர் வந்தார். மகள் வரச் சொல்லியிருக்கிறாள். அவருடைய வாப்பாவும் நானும் ஒரே ஸ்டாண்டில் ஜீப் போட்டவர்கள், ஆகவே என்னை மாமா என்பார். கைப்பேசியில் இரண்டு வண்டிகளைக் காட்டினார். ஒன்று வெள்ளை, டீசல், ஆயிரத்து ஐந்நூறு சிசி, அறுபத்திரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடியது. இன்னொன்று காப்பிக்கொட்டை நிறம், அதுவும் டீசல், இரண்டாயிரத்து இருநூறு சிசி, தொண்ணூற்றோராயிரம் ஓடியது.

"பெருசுதான்" என்றேன்.

"ஏம்ப்பா, இன்னும் நேர்ல பாக்கக்கூட இல்ல" என்றாள் வளர்மதி.

"பாக்குறதுக்கு என்ன இருக்கு? சிசி நம்பரு தெரிஞ்சுபோச்சுல்ல?"

"வெள்ளை வண்டி மைலேஜ் நல்லாக் குடுக்கும் மாமா" என்று ஆரம்பித்தார் சிக்கந்தர். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு ஆகாது. எழுந்து போய்க் குடிதண்ணீர் பிடித்தேன். இன்று தண்ணீர் விடும் முறை. பன்னிரண்டு குடம்.

என் நிபந்தனை ஒன்றே ஒன்றுதான், இங்கே எழுதி வைக்கிறேன். மலையில் பாதி வழியில் யாரும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது.

மே 6

மருமகன் துபாயிலிருந்து பேசினார். அவருக்கும் வெள்ளைதான் பிடித்திருக்கிறது. அவர் ஓட்டுவது மணலில்.

மே 8

உரக்கடையில் கொடுத்த டைரி இது. இரண்டு பக்கம் சேர்ந்தாற்போல் எழுத இடமில்லை. இருந்தாலும் எழுதுகிறேன், பிறகு யாரும் இவனுக்கு என்ன தெரியும் என்று கேட்கக் கூடாது.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எஞ்சினை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கோணிச் சாக்கை விரித்து ஒவ்வொரு நட்டாகக் கழற்றி வரிசையாக வைத்துப் படித்தேன். ஆங்கிலக் கையேட்டை அகராதி வைத்துக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுக்க வாசித்தேன். பிஸ்டன் என்ற சொல்லுக்கு அந்த அகராதியில் போட்டிருந்த பொருள் தவறு என்று கண்டுபிடித்தவன் நான்.

மஞ்சம்பாறையில் குடியிருந்தோம். எண்பத்திரண்டில் ஜீப் வாங்கினேன். பெட்ரோல் எஞ்சின், இரண்டாயிரத்து இருநூறு சிசி, எழுபத்தைந்து குதிரை சக்தி. இறங்கும்போது வாழைத்தாரும் ஆரஞ்சும், ஏறும்போது அரிசியும் மண்ணெண்ணெயும் ஆட்களும். பதினோராம் வளைவுக்கு மூச்சுவாங்கி என்று பெயர். அங்கேகூட இரண்டாம் கியரில் பாட்டுப் பாடிக்கொண்டு ஏறும். அதன் சத்தத்தை இப்போது கேட்டாலும் தெரியும். சைலன்சரில் ஒரு சின்ன ஓட்டை. அடிவாரத்தில் நான் திரும்பும்போதே மேலே வேலுத்தாய்க்குக் கேட்கும் என்பாள். உலையை வைப்பாளாம். நான் போய் இறங்கவும் சோறு வடிக்கவும் சரியாக இருக்கும்.

ஆனால் லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர்தான் ஓடியது. எண்பத்து நான்கில் ஸ்டாண்டில் எல்லோரும் எஞ்சினை மாற்றினார்கள். நானும் மாற்றினேன். காருக்கு உண்டான டீசல் எஞ்சின், ஆயிரத்து ஐந்நூறு சிசி, முப்பத்தேழு குதிரை. நானே இறக்கி நானே ஏற்றினேன். லிட்டருக்குப் பதினான்கு கொடுத்தது. ஊரே வந்து பார்த்தது.

ஏற்றத்தில் கொஞ்சம் திணறும். அப்போது ஆட்கள் இறங்கி நடப்பார்கள். மலையில் இது சகஜம்.

மே 10

வேலுத்தாயைத் திண்டுக்கல்லுக்கு எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போனோம். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. வலதுதான் மோசம். ஜூன் பத்தாம் தேதி வலது காலுக்கு ஆபரேஷன். அதற்குப் பிறகு ஆறு மாதம் மலை, படி, பிரயாணம் எதுவும் கிடையாது.

"மலை ஏறி எறங்குற வேலை ஏதும் பாத்தீங்களாம்மா? பழைய அடி ஏதாவது?" என்று டாக்டர் கேட்டார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மருந்துக் கம்பெனி காலண்டர். அமாவாசை எது என்று போடாமல் எதற்கு ஒரு காலண்டர்?

திரும்பும்போது வேலுத்தாய் சொன்னாள்: "ஆபரேசனுக்கு முன்னாடி ஒரு தடவ மேல போயிரணும். நம்ம புள்ள அந்தப் பள்ளிக்கொடத்துல பெரிய டீச்சர் நாற்காலியில உக்காந்திருக்குறத நான் பாக்கணும்."

"அதுக்குத்தான் பெரிய வண்டி வேணுங்குறேன்" என்றேன்.

"நீங்க நாற்காலியப் பத்திப் பேசுறீங்களா, வண்டியப் பத்திப் பேசுறீங்களா?"

மே 13

இன்று இரண்டு வண்டிக்கும் பரீட்சை வைத்தேன். மலை ஸ்டாண்டில் வண்டி வாங்கும்போது நாங்கள் எல்லோரும் செய்தது. வண்டி நிறையப் பாரம் ஏற்றி, ஏற்றத்தில் நட்டநடுவில் நிறுத்தி, பின்சக்கரத்துக்கு நாலு விரல் தள்ளி ஒரு தேங்காயை வைப்போம். பிறகு எடுக்கச் சொல்வோம். தேங்காய் உடைந்தால் அந்த வண்டி வேண்டாம்.

நான் எட்டு மணல் மூட்டையோடு அடிவாரத்தில் நிற்பதைப் பார்த்து சிக்கந்தருக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

"மாமா, வண்டி வாங்க வந்தீங்களா, வீடு கட்ட வந்தீங்களா?"

"ஏத்துப்பா."

"சீட்டெல்லாம் மண்ணாப் போயிரும் மாமா. நாளப்பின்ன இத வேற ஆளுக்குக் காட்டணும்."

"உங்க வாப்பா இருந்தா இந்நேரம் தேங்காயும் அவரே கொண்டாந்திருப்பாரு."

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். ஆளுக்கு நாலு மூட்டையாக ஏற்றினோம்.

முதலாம் வளைவுக்கு மேலே நல்ல ஏற்றம் இருக்கிறது. முதலில் வெள்ளை. வளர்மதி ஓட்டினாள். பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் வண்டி ஓரிரு நொடி தானாக நிற்கிறது. அதற்கென்று உள்ளே ஏதோ வைத்திருக்கிறார்கள். தேங்காய் வைத்தது வைத்தபடி கிடந்தது. பிறகு பெரியது. சிக்கந்தர் ஓட்டினார். கிளட்சை விட்டார், வண்டி அரை அடி பின்னால் வந்தது, தேங்காய் இரண்டாகப் போனது.

அது ஓட்டியவரின் தவறு. எஞ்சினின் தவறில்லை. நான் ஓட்டியிருந்தால் உடைந்திருக்காது. ஆனால் என் லைசென்ஸைப் புதுப்பிக்க முடியாது என்று போன வருஷம் சொல்லிவிட்டார்கள். கண்ணில் புரை என்கிறார்கள். அந்தப் பலகையில் இருந்த எழுத்துகள் அவ்வளவு சிறியவை.

உடைந்த தேங்காயைச் சட்னி அரைத்தாள் வேலுத்தாய். சாப்பிட்டேன்.

மே 14

வளர்மதி காலையிலேயே வந்து எதிரில் உட்கார்ந்தாள். அடுத்த தெருவில் இருக்கிறாள், இப்படி வேண்டுமென்றே வந்து உட்காருவது அபூர்வம்.

"அப்பா, உங்க ஜீப்ல மொதல்ல இருந்த பெரிய எஞ்சின் எத்தன குதிரை?"

"எழுபத்தஞ்சு."

"இந்தச் சின்ன எஞ்சின் எத்தன?"

செய்தித்தாளைப் புரட்டினேன். நூற்றுப் பதினைந்து. டர்போ வைத்த எஞ்சின். சிசி ஒன்றாக இருந்தாலும் அன்றைய ஆயிரத்து ஐந்நூறும் இன்றைய ஆயிரத்து ஐந்நூறும் ஒன்றல்ல என்று எனக்கு இவள் சொல்ல வேண்டியதில்லை. போன வாரமே படித்துவிட்டேன்.

"உங்களுக்கே தெரியும். தெரிஞ்சும் வேணாங்குறீங்க. உங்களுக்கு எஞ்சின் பிரச்சனை இல்லப்பா. வேற என்னமோ இருக்கு."

மாடியில் தொட்டி வழிகிற சத்தம் கேட்டது. மோட்டாரை நிறுத்தப் போனேன். இறங்கி வந்தபோது அவள் போயிருந்தாள்.

மே 17

சிக்கந்தரின் ஷெட்டுக்கு எல்லோரும் போனோம். வேலுத்தாயையும் கூட்டிப் போனோம். "ரெண்டு பேரும் சண்ட போட்டது போதும், அம்மா எத சொல்றாங்களோ அது" என்றாள் வளர்மதி. எனக்குச் சம்மதம்தான். நாற்பத்தைந்து வருஷத்தில் வேலுத்தாய் எனக்கு எதிராக வெளியாள் முன்னால் பேசியதில்லை.

பெரிய வண்டியின் கதவை நானே திறந்துவிட்டேன். ஏறுவதற்குக் கீழே படி இருந்தது. வேலுத்தாய் கைப்பிடியைப் பிடித்தாள். இடது காலைப் படியில் வைத்தாள். வலது கால் தரையை விட்டு எழவில்லை. ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். பிறகு வலதை முதலில் வைத்துப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. கைப்பிடியைப் பிடித்த விரல்கள் மட்டும் வெளுத்துப்போயின.

"தூக்கிவிடவா?" என்றேன்.

"அரிசி மூட்டையா நான், தூக்கி வைக்க?"

சிக்கந்தர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சட்டைப்பையிலிருந்த டேப்பை எடுத்து அளந்தேன். படிக்கே பதினெட்டு அங்குலம். அதிலிருந்து இன்னொரு ஏற்றம். ஆயில், கிளட்ச், டயரின் பட்டன் தேய்மானம், அடிச்சட்டத்துத் துரு எல்லாம் பார்த்திருந்தேன். இதைப் பார்க்கவில்லை.

வெள்ளை வண்டிக்கு அவளே நடந்து போனாள். முதுகைத் திருப்பி சீட்டில் உட்கார்ந்தாள், இரண்டு காலையும் கையால் எடுத்து உள்ளே வைத்துக்கொண்டாள். கதவைச் சாத்திக் கண்ணாடியை இறக்கினாள்.

"இதுதான்" என்றாள்.

"அத்த சொன்னா அப்பீலே கிடையாது" என்று சிரித்தார் சிக்கந்தர். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

மே 18

யாரோடும் பேசவில்லை. கேஸ் சிலிண்டர் வந்தது.

மே 22

மேலே 'ஆட்கள் இறங்கி நடப்பார்கள்' என்று எழுதியிருக்கிறேன். இன்று அந்தப் பக்கத்தைத் திரும்பப் படித்தேன். சரியாக எழுத வேண்டும்.

ஆட்கள் எப்போதாவது நடந்தார்கள். எப்போதும் நடந்தது வேலுத்தாய். மற்ற ஜீப்புகளில் கட்டை போட கிளீனர் இருந்தான். நான் கிளீனர் வைத்துக்கொள்ளவில்லை. கீழே சாமான் வாங்க அவள் எப்படியும் வருவாள், அவளே போடட்டும் என்றிருந்தேன். வேங்கை மரத்தில் நானே செதுக்கிய கட்டை, தூக்கக் கயிறு கோத்தது. மூச்சுவாங்கி வந்ததும் அவள் கட்டையோடு இறங்கி வண்டிக்குப் பின்னால் நடப்பாள். வண்டி திணறி நிற்கும். சக்கரத்துக்குப் பின்னால் கட்டையைப் போடுவாள். எடுப்பேன். பத்தடி போகும். மறுபடி நிற்கும். மறுபடி போடுவாள். ஆறு வருஷம், வாரம் மூன்று நடை.

எண்பத்தைந்து ஐப்பசி. அடைமழை. வளர்மதி அவள் வயிற்றில், ஏழாம் மாதம். வேண்டாம், வண்டியில் இரு என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னேனா என்று எவ்வளவு யோசித்தும் நினைவில்லை. ஆகவே சொல்லவில்லை. வண்டி கட்டையைத் தாண்டிப் பின்னால் உருண்டது. கண்ணாடியில் அவளைக் காணவில்லை. நான் மழையில் பிடிக்காத பிரேக்கின் மேல் ஏறி நின்றுகொண்டு கத்துகிறேன். பிறகு பின்னால் டக்கென்று ஒரு சத்தம், வண்டி நின்றுவிட்டது. இறங்கி ஓடினேன். ரோட்டில் முழங்கால் போட்டு இரண்டு கையாலும் கட்டையை அண்டக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வலது முழங்காலில் சேலை கிழிந்து ரத்தம்.

"எடுங்க வண்டிய" என்றாள். எடுத்தேன். அவள் பின்னாலேயே நடந்து வந்தாள்.

அதற்குப் பிறகும் ஐந்து வருஷம் அந்த எஞ்சினை ஓட்டினேன். லிட்டருக்குப் பதினான்கு கொடுத்ததே. தொண்ணூறில் ஜீப்பை விற்று, கீழே வந்து லாரியில் ஏறினேன். இரண்டாயிரம் சிசிக்குக் கீழே இருக்கும் எந்த வண்டியிலும் இனி உட்காருவதில்லை என்று அன்று முடிவெடுத்தேன். இதுவரை உட்காரவில்லை. வளர்மதியின் கல்யாணத்துக்கு வந்த டாக்ஸியில்கூட ஏறாமல் பஸ்ஸில் போனேன். திமிர் என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும்.

அவள் அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

மே 27

வெள்ளை வண்டி வீட்டுக்கு வந்தது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி ஏற்றினார்கள். தெருவில் எல்லோருக்கும் கேசரி. நான் சாப்பிடவில்லை. சர்க்கரை என்று சொல்லிக்கொண்டேன். எனக்குச் சர்க்கரை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மேலே போவதாக முடிவு. வளர்மதி கேட்டதால் அன்று பள்ளியைத் திறந்து வைப்பார்களாம்.

"நீங்க வர்றீங்களா?" என்று வேலுத்தாய் கேட்டாள்.

"அதுல நான் ஏறமாட்டேன்."

"சரி. நீங்க வந்தாலும் வராட்டியும் நான் போறேன். இட்லி மூடி வச்சிருப்பேன்."

ஜூன் 2

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஐந்தே முக்காலுக்கு யாருக்கும் சொல்லாமல் கிளம்பினேன். கொல்லைக் கதவிலிருந்து கட்டையை எடுத்து மஞ்சள் பையில் போட்டுக்கொண்டேன். ஆறு மணி மலை பஸ். பஸ் எஞ்சின் ஐயாயிரம் சிசிக்கு மேல், அதில் ஏறுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பதினோராம் வளைவில் இறங்கிக்கொள்கிறேன் என்றதும் கண்டக்டர் மேலும் கீழும் பார்த்தார். "பெருசு, இங்க ஒரு வீடுகூடக் கெடையாதே?" என்றார். வண்டி வரும் என்றேன்.

தடுப்புச் சுவர் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். ரோடும் அகலம். ஆனால் மேல்பக்கப் பாறையில் ஊற்றுத் தண்ணீர் அதே இடத்தில் கசிகிறது. சுவரில் உட்கார்ந்திருந்தேன். எட்டரைக்குக் கீழே எட்டாம் வளைவில் வெள்ளையாகத் தெரிந்தது. சத்தமே இல்லை. சத்தமில்லாத எஞ்சினை எப்படி நம்புவது? பத்தாம் வளைவு திரும்பியது. பையிலிருந்து கட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

திணறவில்லை. வளைவில் லேசாக உறுமியது, அவ்வளவுதான். என்னைத் தாண்டி ஏறி, நாற்பதடி தள்ளிப் போய் நின்றது. இறங்காதே, இறங்காதே என்று கையைக் காட்டிக்கொண்டு ஓடுகிறேன். கதவு திறந்து வேலுத்தாய் இறங்கிவிட்டாள்.

"வண்டிக்கு என்ன?" என்று கத்தினேன்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு. நான்தான் நிறுத்தச் சொன்னேன்" என்றாள். பிறகு என் கையைப் பார்த்தாள். "விடிஞ்சதுல இருந்து கொல்லக் கதவு அடிச்சுக்கிட்டே கெடந்துச்சு. அப்பவே தெரியும், இங்கனதான் நிப்பீங்கன்னு."

தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழ்நோக்கி நடக்க ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் போனேன். வளர்மதி இறங்கப் பார்த்தாள். "நீ இரு தாயி" என்று அவள் அம்மா சொல்லிவிட்டாள். ஊற்றுக்கு எதிரில் வந்ததும் நின்றாள்.

"இந்த எடந்தான?"

"ம்."

"உங்க மேல கோவமில்லாமயா இருந்துச்சு? மேல போற வரைக்கும் உங்களத் திட்டிக்கிட்டேதான் நடந்தேன். ஆனா அது அன்னிக்கோட போச்சு. எனக்கு இத்தன வருசமா உறுத்துனது வேற. கட்டைய நாலு விரல் தள்ளி வச்சுப்புட்டேன். ஒட்டி வச்சிருக்கணும். தள்ளி வச்சதுனாலதான் வண்டி ஏறித் தாண்டிருச்சு. வயித்துப் பிள்ளக்கி ஒண்ணு ஆகியிருந்தா என் கையாலதான ஆகியிருக்கும்னு நெனச்சுக்கிட்டே இருப்பேன். உங்ககிட்டச் சொன்னா நீங்க எஞ்சினத் திட்டுவீங்க."

நான் என்னவெல்லாமோ சொல்ல நினைத்தேன். முப்பத்தேழு குதிரைக்கு அந்தப் பாரத்தை ஏற்றியது யார், கிளீனர் வைக்காதது யார் என்று. "உன் மேல தப்பில்ல" என்று மட்டும் வந்தது.

அவள் ரோட்டைத் தாண்டிப் பாறைத் தண்ணீரில் கையை நனைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். திரும்பி ஏற இரண்டு எட்டு வைத்தாள். மூன்றாவது எட்டுக்கு வலது கால் வரவில்லை.

"இனி முடியாதுங்க" என்று சிரித்தாள்.

வளர்மதிக்குக் கையைக் காட்டினேன். வண்டியை அப்படியே பின்னால் இறக்கிக்கொண்டு வந்தாள். பழைய நாள் போலச் சக்கரத்தைப் பார்த்து, வா, வா, ஒடிச்சு வா, போதும் என்று சொன்னேன். நின்றது. வேலுத்தாய் முதுகைத் திருப்பி சீட்டில் உட்கார்ந்தாள். நான் குனிந்து அவளுடைய இரண்டு காலையும் எடுத்து உள்ளே வைத்தேன். அவள் தடுக்கவில்லை.

பிறகு வண்டிக்குப் பின்னால் போனேன். அந்த வண்டி தானாகவே நிற்கும், தேங்காயே சாட்சி. இருந்தாலும் முழங்கால் போட்டுக் கட்டையைச் சக்கரத்துக்குப் பின்னால் வைத்தேன். அப்பா, அதெல்லாம் வேணாம்ப்பா என்று வளர்மதி சொன்னது காதில் விழுந்தது.

வேலுத்தாய் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி எட்டிப் பார்த்தாள்.

"ஒட்டி வைங்க. இன்னும் ரெண்டு விரல்."

தள்ளி ஒட்டி வைத்தேன்.

"இப்ப சரி" என்றாள்.

வளர்மதி வண்டியை எடுத்து நாலடி தள்ளி நிறுத்தியதும் கட்டையைத் தூக்கிக்கொண்டு போய், பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன்.